தண்ணீருக்கும் காய்ச்சல் வந்த நாள்

தண்ணீர் உண்மையிலேயே தண்ணீர்தானா என்று சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கால்நடை நோய் ஆய்வகத்தில், என் மேசைக்கு எதிர் அறையில் வேலை பார்த்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் வெறுந்தண்ணி.

பெயர் வந்த கதை எளிது. பன்றி செத்தால் அதன் மண்ணீரலிலும் நிணநீர்க் கட்டியிலும் ஒரு துண்டு வெட்டி ஐஸில் வைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அவர் அதை அரைத்து, சுழற்றி, சாறெடுத்து, சின்னக் குழாய்களில் ஊற்றி பி.சி.ஆர். மெஷினில் வைப்பார். வைரஸ் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு மேலே எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு படுத்திருக்கும். கூடவே இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் வைரஸின் உயிரற்ற துணுக்கு இருக்கும். அது கட்டாயம் எழும்ப வேண்டும். இன்னொன்றில் வெறும் தண்ணீர். அது எழும்பவே கூடாது. இந்த இரண்டும் சரியாக நடந்துகொண்டால்தான் நடுவில் இருப்பதை அவர் நம்புவார்.

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல ஊழியர், அவ்வளவுதான். அவர் நிறுத்தவில்லை.

டீக்கடையில் முதலில் ஒரு கிளாஸ் வெந்நீர் வாங்குவார். முகர்ந்து, ஒரு வாய் குடித்து, அதில் டீ வாசம் இல்லை என்று உறுதியான பிறகுதான் டீ. தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே, "வெறுந்தண்ணி வருது, வெந்நிய வைய்யி" என்று மாஸ்டர் குரல் கொடுப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவைக் காட்டி, "இவரு யாருங்க?" என்று கேட்டாராம். "எங்கப்பா" என்று பதில் வந்த பிறகுதான் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா சம்மதித்தது பயத்தில்தான் என்பது ஆபீஸின் பொதுக் கருத்து.

பஸ் ஸ்டாண்டில் நானே பார்த்தேன். பொன்னமராவதி என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்த வண்டி. படியில் நின்ற கண்டக்டரிடம் போய், "இது மெட்ராஸ் போகுமாங்க?" என்றார்.

"யோவ், பொன்னமராவதி போற வண்டிய்யா. போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்க. ஒங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயல் பொறியியல் படித்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் அதை விட்டுவிட்டு வந்து, குளத்தூர் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து, வெண்பன்றி வளர்க்கப்போவதாகச் சொன்னாள். சொந்தக்காரர்கள் விசாரித்தால் "பண்ணை வச்சிருக்கா" என்பேன். என்ன பண்ணை என்று கேட்டால் என் போனில் சிக்னல் போய்விடும்.

போன வருடம் ஒரு புதன்கிழமை காலையில் கயல் கூப்பிட்டாள்.

"அம்மா, ரெண்டு செத்துப்போச்சும்மா. காது, வயிறெல்லாம் செவசெவன்னு இருக்கு. டாக்டர் வந்து அறுத்துப் பாத்து எடுத்துட்டுப் போயிருக்காரு."

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றால் என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் கடிதங்களை டைப் அடிப்பதே நான்தான். அதற்கு மருந்து கிடையாது. உறுதியானால் பண்ணையில் இருக்கும் அத்தனையையும், நோய் வந்தது வராதது பார்க்காமல், கொன்று குழியில் புதைக்க வேண்டும்.

"குட்டிங்களக் கூடவாம்மா?" என்றாள். எனக்கு அப்போதும் சிக்னல் போய்விட்டது.

மத்தியானம் பெட்டி வந்தது. என் வீட்டுத் தெர்மாகோல் பெட்டி. அவசரத்தில் பண்ணையில் கிடைத்ததில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூடி மேல் என் கையெழுத்து: "கயலுக்கு. மீன் குழம்பு. சாய்க்காதே." உள்ளே மண்ணீரல். எங்கள் ஆய்வகத்தில் பெயர் பார்த்துச் சோதிக்கும் வழக்கம் இல்லை. பதிவேட்டில் நான் எண் போடுவேன், வெறுந்தண்ணிக்கு எண் மட்டும்தான் போகும். மார்க்கரை எடுத்து கயலையும் மீன் குழம்பையும் அடித்தேன். ஏழாம் எண் என்று எழுதினேன்.

அதோடு போயிருக்கலாம். பெற்ற மனது போகவிடவில்லை. பெட்டி நன்றாகக் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும் என்று அவர் அறை ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல்தட்டில் இருந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்து, கீழே தண்ணீர்ப் புட்டிகள் பக்கத்தில் வைத்தேன். டப்பா கொஞ்சம் ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். அதே கைக்குட்டையால் புட்டிகளையும் துடைத்தேன். சுத்தம் நல்லதுதானே.

மறுநாள் காலை மெஷின் ஓடியது. ஏதோ ஃபைல் கொடுக்கிற சாக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஏழாம் எண்ணின் கோடு எழும்பியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏழாம் எண்ணைப் பார்க்கவே இல்லை.

"தண்ணி ஏறுது" என்றார்.

போன் அடித்தது. மேலதிகாரி. அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னய்யா ஆச்சு? பண்ணையில குழி வெட்ட ஜேசிபி வந்து நிக்கிது. பாசிட்டிவ்தான?"

"பாசிட்டிவ்தாங்க சார்."

"அப்பக் கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"வெறுந்தண்ணிக்கும் பாசிட்டிவ் சார். பன்னியோட சேத்துத் தண்ணியையும் பொதைக்கிறதா இருந்தா சொல்லுங்க, ஒரே லெட்டராப் போட்டுடுறேன்."

அந்தப் பக்கம் நிறையச் சத்தம். வேலை, விளக்கம், சஸ்பெண்ட் என்ற சொற்கள் வந்தன. இவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து என் மேசைக்கு வந்தார். ஒரு தாளை விரித்தார்.

"மேடம், இன்னிக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

டிக் அடித்தார். "ஒங்க பேரு?"

சொன்னேன். டிக்.

"நம்ம ஆபீசு எந்த ஊர்ல இருக்கு?"

அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே புதுக்கோட்டை என்றேன். டிக்.

"நேத்து என் ஃப்ரிட்ஜை யாரு தொறந்தா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பா, ஈரம், கைக்குட்டை. அந்த டப்பாவில் இருந்தது கட்டாயம் எழும்ப வேண்டிய வைரஸ் துணுக்கு. ஒரு குழாயின் மூடி சரியாக இல்லை, கசிந்திருக்கிறது. அதைத்தான் நான் தண்ணீர்ப் புட்டி முழுக்கப் பூசியிருக்கிறேன். எல்லாக் குழாயிலும் அவர் கலப்பது அந்தத் தண்ணீரைத்தான். என் மகளின் பன்றிகளுக்கு நானே நோய் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

"அந்தப் பொட்டி கயல் பண்ணையோடது சார்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வந்தப்பவே. எல்லாத்தையும் அடிச்சீங்க, 'சாய்க்காதே'ய விட்டுட்டீங்க. மூணு வருசமா ஒங்க கையெழுத்தத்தான படிக்கிறேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பன்னி யாரோடதுன்னு மெஷினுக்குத் தெரியாதுங்க மேடம். நானும் தெரியாதவனாவே இருந்துக்கிட்டேன்."

பிறகு அறையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவினார். புதுத் தண்ணீர், புது டப்பா. திசுவில் பாதியை எப்போதும் தனியாக எடுத்து வேறு பெட்டியில் வைப்பது அவர் வழக்கம், அதை அரைத்தார். என்னை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இந்த முறை எழும்ப வேண்டியது எழும்பியது. தண்ணீர் படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே ஏழும் படுத்துக் கிடந்தது.

நான் கும்பிட்டேன். "இருங்க. இன்னொரு தடவ ஓட்டிருவோம். சந்தோசத்தையும் ஒரு தடவ சரி பாக்கணும்" என்று மறுபடி கதவைச் சாத்தினார். மறுபடியும் படுத்தே கிடந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஜேசிபி திரும்பிப் போனது.

கடைசியில் அந்த மண்ணீரலில் வளர்ந்தது ஒரு பாக்டீரியா. பென்சிலின் ஊசிக்கு அடங்கியது. இன்னும் மூன்று செத்தன, மற்றவை பிழைத்தன. இப்போதும் கயலின் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். "நல்லாருக்கேம்மா" என்பாள். நம்ப மாட்டேன். "இன்னிக்கு என்ன கெழமை?" என்று கேட்பேன். "போச்சுடா" என்பாள்.

இரண்டு மாதம் முன்பு அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. கடைசி நாள் நானே வீட்டிலிருந்து டீ போட்டு எடுத்துப் போனேன். முறைப்படி முதலில் ஒரு டம்ளர் வெந்நீரையும் பக்கத்தில் டீயையும் வைத்தேன். நினைவிருக்கட்டும், அவருடைய சுத்தமான தண்ணீரைக் கெடுத்த கை என் கை.

அவர் வெந்நீரைத் தொடவில்லை. டீயை எடுத்து நேராகக் குடித்தார். எனக்குத் தெரிந்து, வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் செய்த ஒரே கவனக்குறைவு அதுதான்.