தலைவர் சாக மறுத்த காலை

துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இது மூன்றாவது முறை.

“கட்! சார், இன்னும் சுடவே இல்லையே!” என்றாள் துணை இயக்குநர்.

“சத்தம் வரப்போகுதுன்னு நினைச்சாலே ஈரக்குலை நடுங்குதும்மா” என்றார் தலைவராக நடித்த பெரியவர்.

காலப்பயணத் தொலைக்காட்சித் தொடர் அது. நாயகன் வாராவாரம் ஏதாவது ஒரு பழைய காலத்தில் போய் இறங்குவான். இந்த வாரம், பொதுக்கூட்ட மேடையில் ஒரு தலைவர் சுடப்படும் நாள். இயக்குநருக்குக் காய்ச்சல். “சுடற காட்சியை நீயே எடுத்துடு. நல்லா வந்தா அடுத்த வாரத்துல இருந்து நீதான் இயக்குநர்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆறு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை.

இரத்தத்துக்காக அவளே சிவப்புச் சாயப் பை தைத்து வைத்த வெள்ளைச் சட்டைகள் நான்கே நான்கு இருந்தன.

பெரியவரின் காதில் பஞ்சு வைத்தாள். துப்பாக்கி வெடித்தது. சட்டை சிவந்தது. தலைவர் பாட்டுக்கு விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

காலில் கயிறு கட்டி, வெடித்ததும் இழுக்கச் சொன்னாள். லைட்மேன் இழுத்த இழுப்பில் தலைவர், மைக், மேசை எல்லாம் முன்வரிசையில் போய் விழுந்தன. துப்பாக்கியோடு நின்றவனுக்கு முட்டி பெயர்ந்தது.

“கொல்ல வந்தவனை நான் கொன்னிருப்பேன்!” என்றார் தலைவர்.

மேசையை ஆணியடித்து இறுக்கினார்கள். இப்போது கயிற்றை இழுத்ததும் அவர் மேசையைக் கட்டிக்கொண்டார். உயிர் போயும் உடம்பு நின்றது.

மிஞ்சியது ஒரே சட்டை. அவள் பஞ்சை எடுத்தாள், கயிற்றை அவிழ்த்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சார், காலையில இருந்து நிக்கறீங்க. கால் வலிக்குதா?”

“உயிர் போகுதும்மா.”

“அப்ப நடிக்கவே வேணாம். சத்தம் கேட்டதும் படுத்துடுங்க. யாரும் எழுப்ப மாட்டோம்.”

துப்பாக்கி வெடித்தது. தலைவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, எல்லாம் போதும் என்பதுபோல் மெல்லச் சரிந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி நிஜமாகவே அழுதுவிட்டாள்.

“கட்!” என்றாள் துணை இயக்குநர். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

பளபளவென்ற வெள்ளி உடுப்பில் நாயகன் தயங்கித் தயங்கி மேடையருகே வந்தான்.

“பிரமாதம்க்கா. அது சரி, கதைப்படி தலைவர் சாகலையே! குண்டு படறதுக்குள்ள நான் பாஞ்சு வந்து அவரைக் காப்பாத்தணுமே, அதை எப்ப எடுப்பீங்க?”