இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஓர் அழகி

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு உடம்பளவில் இருவரும் நலம், பேச்சளவில் நலமில்லை. உன் அக்கா என்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. போனில் சொல்லலாமென்றால் வினையே அந்தப் போன்தான், ஆகவே கடிதம்.

திங்கட்கிழமை ஒரு அம்மாவின் ரவிக்கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். தையல் மேசையில் கிடந்த எனக்கும் உன் அக்காவுக்கும் பொதுவான போன் 'டிங்' என்றது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி படித்தார்: "உங்களுக்காக ஓர் அழகி ஏங்குகிறாள், இரண்டு கிலோமீட்டர் தொலைவில்!" மச்சான், அங்கே சிமெண்டுக் கிடங்கைத் தவிர ஈ காக்கை கிடையாது! உன் அக்கா உள்ளேயிருந்து வந்து, "ரெண்டு கிலோமீட்டர்தானே, நடந்தே போயிட்டு வந்துடலாமே"ன்னு சொன்னா பாரு, அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் அரை மணிக்கொரு டிங். அடிச்சுப் பிடிச்சு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். "இன்டர்நெட்ல ஏதோ ஒரு பக்கத்துல, 'நீங்க ரோபோ இல்லைன்னா அனுமதிங்கிற பட்டனை அமுக்குங்க'ன்னு கேட்டிருக்கும், அமுக்கியிருப்பீங்க. இனிமே விளம்பரமா அனுப்பிக்கிட்டே இருப்பான்" என்றார் கடைக்காரர். சத்தியமாக நான் அமுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமா நானும் மனுஷன்தான்னு உன் அக்காகிட்ட நிரூபிக்கவே நேரம் போதலை, இதுல போனுக்கு வேறயா? ஒரு நொடியில் நிறுத்தித் தருகிறேன் என்றார் கடைக்காரர். நான்தான் கூடவே கூடாதென்றேன். நிறுத்தினால் தடயத்தை அழித்துவிட்டேன் என்பாளே! நீ வந்து கண்ணால் பார்த்து அவளுக்கு எடுத்துச் சொல்லும்வரை கூவட்டும்.

சமாதானத்துக்காகப் பாத்திரம் துலக்குகிறேன், துணி உலர்த்துகிறேன். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நாலு திட்டு திட்டினாலும் தாங்கிக்கொள்வேன். அவள் குரல் கேட்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மச்சான்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். அக்கா கோபமாக இருப்பதால் அவள் ஆசியையும் நானே சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். இதைத் தபால்ல போடச் சொல்லி என் கையிலயே கொடுத்துட்டுப் போயிருக்கார், பாவம். அந்த அனுமதியை அமுக்கினது நான்தான். ஒரு மாசமா அவருக்கு வலது கை நடுங்குது. நூல் கோக்க முடியலை, காது சரியில்லைன்னு ஊசியைத் திட்டறார். நான் கவனிக்கலைன்னு நினைப்பு. அது என்ன வியாதின்னு போன்ல தேடப் போனேன், பயத்துல அதுல கேட்டதையெல்லாம் அமுக்கினேன். அன்னைக்கு விளையாட்டாத்தான் சொன்னேன், கோபமே இல்லை. வாயைத் திறந்தா அழுதுடுவேன்டா. உடனே வந்து இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, நீ கூப்பிட்டா வருவார். இதெல்லாம் அவர்கிட்ட சொல்லிடாதே. நான் கோபமா இருக்கேன்னே நினைச்சுக்கட்டும், பயந்திருக்கேன்னு தெரிஞ்சா அவரும் பயந்துடுவார்.