நிச்சயத்துக்கு நான் கொண்டுபோன வம்சாவளி

‘தெரியாது’ என்று சொல்ல நான் கற்றுக்கொண்டது என் இருபத்தாறாவது வயதில், அதுவும் என்னுடைய நிச்சயதார்த்தத்தன்று. அதற்கு முன்னால் எனக்கு எல்லாமே தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பாகப்பிரிவினை வழக்கு வந்தால் முதலில் வம்சாவளிப் பட்டியல் போட வேண்டும். யார் யாருக்குப் பிறந்தார், யார் வாரிசில்லாமல் போனார் என்று, செத்தவர்களையெல்லாம் கட்டம் கட்டமாக உட்கார வைக்கிற வேலை. ஒருநாள் வக்கீல் என் பட்டியலைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது கையெழுத்தை. நான் அதை அறிவுக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் செண்பகம். காபி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது லேசாகச் சிரித்தாள். (என்னைப் பார்த்தா, என் கிராப்பைப் பார்த்தா என்பது இன்றுவரை தெரியாது.) எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வீடும் பழைய உறவு. எங்கள் வீட்டுப் பெண் உலகம்மையை அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். செண்பகத்துடைய தாத்தாவைப் பெற்றவர் அவர்தான். பிறகு என்ன சண்டையோ, போக்குவரத்து நின்றுபோனது. விவரம் தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முறை சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நிச்சயத்தன்று சபையில் விரித்துக் காட்ட, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வம்சாவளி எழுதப் போவதாக வீட்டில் அறிவித்தேன்.

எங்கள் வீட்டில் ஆண்களுக்கு இரண்டே பெயர்கள்தான்: ஆறுமுகம், சங்கரலிங்கம். பேரனுக்குத் தாத்தா பெயர் என்பதால் ஏழு தலைமுறையாக இவை மாறி மாறி வருகின்றன. அப்பா சங்கரலிங்கம், நான் ஆறுமுகம். (மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.) பழைய பெட்டியில் ஒரு மஞ்சள்காணிப் பத்திரம் கிடைத்தது. ஆறுமுகம் என்பவர் தன் மகள் உலகம்மைக்குக் கல்யாணச் சீராக நிலம் எழுதிக் கொடுத்தது. வருஷம் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. இது எந்த ஆறுமுகம்? என் தாத்தாவின் தாத்தாவா, அல்லது அவருக்கும் தாத்தாவா?

பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் போதும். ஆனால் உச்சியில் இருந்த ஆறுமுகத்துக்குக் கீழே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு பெண் உட்கார்ந்தால் படம் லட்சணமாக இருக்கும் என்று பட்டது. உலகம்மையை அங்கேயே உட்கார வைத்தேன், அதுவும் அழியாத இந்தியன் இங்கில்.

நிச்சயத்தன்று குற்றாலத்தில் நல்ல சாரல். எங்களிடம் இருந்த ஒரே குடையை வம்சாவளிக்குப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா நனைந்துகொண்டே கூட வந்தார்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் செண்பகத்தின் அப்பா, உறவு எந்த வழியாக வருகிறது என்று காட்டச் சொல்லி ஆசையாகக் கேட்டார். ஜமுக்காளத்தில் படத்தை விரித்தேன். சபை முழுக்கக் குனிந்து பார்த்தது. உலகம்மை மேல் விரலை வைத்து இறங்கினேன். அவருடைய மகன், பேரன், அந்தப் பேரனின் மகள் செண்பகம். அதே வரிசையில் எங்கள் பக்கத்துக்கு விரலை நகர்த்தினால், அங்கே நான் இல்லை. என் தாத்தா இருந்தார். நான் இன்னும் இரண்டு படி கீழே கிடந்தேன். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்த மகாபுத்திசாலி, ஒரு தடவைகூடக் குறுக்கே பார்த்திருக்கவில்லை.

“இதுப்படி பாத்தா, பொண்ணு எனக்கு ஆச்சி முறை வருது” என்று சபையில் உரக்கச் சொன்னேன். (எங்கள் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம்.)

யாரோ சிரித்தார்கள். அவள் அப்பா சிரிக்கவில்லை. “விளையாட்டுக்குச் சொல்லுதீகளா மாப்பிள?” என்றார்.

ஆமாம் என்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் பட்டியலை அல்லவா சந்தேகப்படுகிறார்? பத்திரத்தை எடுத்து நீட்டினேன். கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கால்மணி நேரம் நிரூபித்தேன். என் கல்யாணத்துக்கு எதிராக நானே வாதாடி ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “முறை தப்பிருக்குன்னு நீங்களே சொல்லுதீக. பொறவு எப்படித் தட்டு மாத்த?”

“ஏலே, அதச் சுருட்டுலே” என்று அப்பா பல்லைக் கடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணை என் வாயாலேயே தொலைத்துவிட்டேன் என்று நினைக்க அழுகை வந்தது. அந்த நிலைமையிலும் படத்தில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செண்பகம் உள்ளேயிருந்து நிலைப்படிக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் அவள் அப்பாவிடம் நிதானமாகச் சொன்னாள்: “அப்பா, உலகம்மைன்னா நம்ம பெரிய ஆச்சிதான? அவுக போயி பத்து வருசந்தான ஆவுது? இவுக போட்டிருக்க கட்டத்துல இருந்தா ஆச்சிக்கு அப்பவே நூத்தி நாப்பது வயசு ஆயிருக்கும். கடைசி வரைக்கும் ஐந்தருவிக்கு நடந்தே போயிக் குளிச்சிட்டு வந்தாக. நூத்தி நாப்பது வயசுலயா நடந்தாக?”

அவள் அப்பா யோசித்தார். ஆச்சி தொண்ணூறு வயதில்தான் போனார்கள் என்று ஒப்புக்கொண்டார். சபையில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கரையானைப் பற்றி ஏதோ முனகினேன்.

என் அப்பா தட்டிலிருந்த பாக்குவெட்டியை எடுத்தார். உலகம்மையையும் அவர் சந்ததியையும் படத்திலிருந்து வெட்டி எடுத்தார். இரண்டு படி இறக்கி, அடுத்த ஆறுமுகத்துக்குக் கீழே வைத்தார். படத்தில் செண்பகம் எனக்கு நேர் எதிரே வந்தாள், மாமன் மகள் முறையில். காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்த அன்றே என் தம்பி அவளை ஆச்சி என்றான். பிறகு தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. இருபது வயதில் அவளுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. எங்கள் வீட்டில் முறை சம்பந்தமாக எந்தச் சந்தேகம் வந்தாலும் இன்றுவரை என்னைக் கேட்பதில்லை, அவளைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் பேத்தி என்னிடம், “தாத்தா, எங்களுக்கு ஆச்சி சரி. நீங்க ஏன் ஆச்சிங்கிதீக?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“உங்க தாத்தாவுக்கு நான் மொதல்ல ஆச்சி. பொறவுதான் பொண்டாட்டி.”