கையோடு ஒட்டிக்கொண்ட விமானம்

சிதம்பரம்,
12.10.2008

சிங்கப்பூரில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் எழிலன் அவர்களுக்கு, ஞானசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், உங்கள் தங்கை வினோதினியும், மகள் சுவேதாவும் நலமாக இருக்கிறோம். என் வலது கை விரல்கள் இரண்டு மட்டும் கொஞ்சம் தோலுரிந்து கிடக்கின்றன. எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் சுவேதா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள்.

விஷயம், நீங்கள் அவளுக்கு அனுப்பிய விமானம் பற்றியது. பெட்டியின் மேல் படத்தில் விமானம் இருந்தது, மச்சான், உள்ளே இல்லை. உள்ளே மீன் முள்ளைப் போலச் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக்கும், ஒரு ஜப்பான் பாஷைக் காகிதமும், காய்ந்துபோன பசைக் குழாய் ஒன்றும்தான் இருந்தன. புவனகிரி ஆபீசில் தலைமை எழுத்தராக இருப்பவன் நான், விதிமுறையைப் படிக்காமல் எதையும் தொடமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். நான் அந்தக் காகிதத்தின் மேல்புறம் எது கீழ்ப்புறம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே, உங்கள் மருமகள் நகவெட்டியை எடுத்து எல்லாத் துண்டையும் வெட்டிக் குவித்துவிட்டாள். இறக்கை எது வால் எது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முன்சக்கரம் ஒன்று காணாமல் போய், மறுநாள் உப்புமாவில் மிளகென்று நினைத்து நான் கடித்ததில் கிடைத்தது. காய்ந்த பசைக்குப் பதிலாகக் கீழ வீதியில் நொடியில் ஒட்டும் பசை வாங்கினேன். கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

இப்படியாக ஒருவழியாய் உடம்பும் இறக்கையும் சேர்ந்து விமானம் மாதிரி ஆன நேரத்தில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் சுவேதா விமானியை உட்காரவைத்து ஒட்டிவிட்டாள். வாலைப் பார்த்தபடி, மச்சான். சண்டை விமானம் ஓட்டுகிறவன் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படத்தைக் காட்டினேன், அவன் இப்படித்தான் உட்காரணும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ஆபீசில் கடைநிலை ஊழியரைக்கூடத் திட்டாத திட்டெல்லாம் திட்டிவிட்டேன். அவள் அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். உங்கள் தங்கை ஆசிரியர் பயிற்சிக்காகக் கடலூரிலேயே தங்கி, வாரக்கடைசியில் மட்டும் வருவது உங்களுக்குத் தெரியும். வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்த இருவரில் ஒருவர் பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோறு வேண்டுமா என்றால் தட்டு வரும், பதில் வராது. அம்மாவிடம் போனில் மட்டும் கலகலவென்று பேசுவாள். போனை என்னிடம் நீட்டும்போது முகம் கதவைச் சாத்தினதுபோல் ஆகிவிடும்.

விமானியைத் திருப்பி ஒட்டி எல்லாவற்றையும் முடித்து வைத்தால் சமாதானம் ஆவாள் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். விமானியைப் பெயர்ப்பதற்கு முன்னால், ஆடிக்கொண்டிருந்த இறக்கையைக் கெட்டிப்படுத்தலாம் என்று பசையைப் பிதுக்கினேன், அது குபுக்கென்று கொட்டிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விமானத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டன. தேங்காய் எண்ணெய், சோப்பு, வெந்நீர், எதற்கும் அசையவில்லை. பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. உள்ளே வந்த சுவேதா என் கையைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், பையை இறக்கிவைத்தாள்.

"வலிக்குதாப்பா?" என்றாள்.

அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், மச்சான்.

தெற்கு வீதியில் இருக்கும் டாக்டரிடம் போகலாம் என்று கிளம்பினோம். ஆட்டோவை நிறுத்தினேன், அவள் ஏறவில்லை. ஆட்டோவுக்குள் கையை நீட்ட முடியாதாம். வேறு வழியில்லாமல் நடந்தோம். வடக்கு வீதி தாண்டியதும் கையை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினேன். அப்புறம் சாய்க்கச் சொன்னாள், வளைக்கச் சொன்னாள், கடைசியில் ஓடச் சொன்னாள். நானும் ஓடினேன். கீழ வீதியில், சாயங்கால நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சண்டை விமானத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி, இடது கையில் அவளைப் பிடித்துக்கொண்டு. பூக்கடைக்காரம்மா புஷ்பவள்ளி கட்டிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பார்த்தார். கோயில் வாசலில் எங்கள் ஆபீசர் பொன்னுரங்கம் சார் குடும்பத்தோடு எதிரே வந்தார். உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உண்மைதான் போலிருக்கிறது என்ற முகத்தோடு ஒதுங்கிப் போனார்.

ஓடி முடித்து மூச்சு வாங்க நின்றபோதுதான் விமானி ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டேன்.

"போன திங்கக்கெழமை கடலூர் பஸ்ஸு பின்னால அம்மா ஓடுனாங்கல்ல, டிரைவரு திரும்பியே பாக்கல. இவுரு பாப்பாரு. அம்மா ஓடியாந்தா நிறுத்திடுவாரு," என்றாள்.

விமானியை அப்படியே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

டாக்டர் வீட்டில் நர்ஸம்மா அமிர்தம் ஏதோ மருந்தைத் தடவி விரலைத் துடைத்து அனுப்பினார். இத்தனை அவமானத்துக்கும் நீங்கள் அனுப்பிய பொட்டலம்தான் காரணம் என்பதால், இனிமேல் ஒட்ட வேண்டிய, வெட்ட வேண்டிய, ஜப்பான் பாஷையில் படிக்க வேண்டிய எதையும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பொம்மை என்றால் முழுசாக வரட்டும். தில்லைக் கூத்தன் உங்கள் உடம்பையும் வேலையையும் விசாவையும் சேர்த்துக் காக்கட்டும். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஞானசேகரன்

பின்குறிப்பு: வினோதினிக்கு இது தெரிய வேண்டாம். கீழ வீதி திரும்பும்போதே வியர்வையில் விரல் தானாக விட்டுவிட்டது, மச்சான். ஆபீசர் எதிரே வந்தபோது விமானத்தைச் சட்டைப்பையில் போட்டிருக்கலாம். டாக்டர் வீட்டுக்கே போயிருக்க வேண்டாம். நர்ஸம்மா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வெறும் விரலுக்கு மருந்து தடவினார். விமானத்தைக் கீழே இறக்கினால் அவள் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயந்து, தெற்கு வீதி வரைக்கும் நான்தான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.