பேண்டேஜ் அண்ணாச்சியும் என் புகைக்குழாயும்

ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஓட்டல் வைத்திருந்த எந்த முதலாளியும் போலீசுக்குப் பயந்ததில்லை, வரி அதிகாரிக்குப் பயந்ததில்லை, சம்சாரத்துக்குக்கூட ஓரளவுதான் பயந்தார்கள். சைக்கிளில் வரும் ஒரே ஓர் ஆளைக் கண்டால் மட்டும் கல்லாவை விட்டு எழுந்து நின்றார்கள். அவர்தான் பேண்டேஜ் அண்ணாச்சி.

வைத்தியத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓட்டல் அடுப்புக்கு மேலே தொங்கும் தகரக் கூண்டையும், அதிலிருந்து கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயையும் சுரண்டிச் சுத்தம் செய்வது அவர் தொழில். ராஜபாளையத்துத் தறிகளில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியை மூங்கில் கழியில் சுற்றி, குழாய்க்குள் விட்டு இழுப்பார். துணி வெள்ளையாக வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக வந்தால் அதை ஓட்டல் வாசலிலேயே கட்டித் தொங்கவிட்டுவிடுவார். குழாய் சுத்தமானால்தான் அவிழ்ப்பார். இந்த அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தவர்கள் உண்டு. அவர் முகத்தைப் பார்த்ததும் டீ போடச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பரோட்டாக் கடையில் அந்தக் கறுப்புத் துணி மூன்று நாள் தொங்கியது. நான்காம் நாள் மதுரையிலிருந்து வந்த மிளகாய் வியாபாரி ஒருவர், முதலாளி போய்விட்டார் என்று நினைத்து மாலை வாங்கி வந்துவிட்டார். மாலையைக் கையில் வாங்கிக்கொண்டது முதலாளியேதான். அன்று மத்தியானமே அடுப்பை அணைத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சியின் தங்கை மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் தாய்மாமனைக் காணோம். தேடினால் மண்டபத்துச் சமையற்கட்டில், பட்டு வேட்டியோடு ஏணி மேல் நிற்கிறார். தங்கை தலையில் அடித்துக்கொண்டு, "அண்ணே, அங்க மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்கான்" என்றாள்.

"இருக்கட்டும். மாப்பிள்ளை எங்கயும் ஓட மாட்டான். பிசுக்குல தீ புடிச்சா ஓடும். செத்த நேரம் பொறு."

இப்படிப்பட்டவரை ஏமாற்றலாம் என்று ஒருவன் நினைத்தான் என்றால் அவன் எவ்வளவு பெரிய புத்திசாலியாக இருக்க வேண்டும்? நான்தான்.

எண்பதுகளின் கடைசி. திருவில்லிபுத்தூரில் தேர் ஓடும் வீதிக்குப் பக்கத்தில் டிபன் ஓட்டல் வைத்திருந்தேன். ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள். குழாயைச் சுத்தம் செய்ய அரை நாள் அடுப்பை அணைக்க வேண்டும். ஊரெல்லாம் கூட்டம், யார் அணைப்பது? ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்ட் வாங்கி, கூண்டுக்கு உள்ளும் புறமும் பிசுக்கின் மேலேயே அடித்துவிட்டேன். கல்யாணப் பந்தல் மாதிரி மின்னியது.

அண்ணாச்சி வந்தார். நிமிர்ந்து பார்த்தார். நகத்தால் கீறி மோந்து பார்த்தார்.

"பொணத்துக்குப் பவுடர் போட்டிருக்கீரு தம்பி. அதுவும் தீப்புடிக்கிற பவுடரு."

"அண்ணாச்சி, தேர் முடியட்டும். பொறவு ரெண்டு நாள்கூட மூடுதேன்."

"தீக்குத் தேரு தெரியுமா, திருவிழா தெரியுமா? அடுப்ப அணையும்."

கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு மணி நேரம் மட்டும் அடுப்பை அணைத்தால் போதும் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தேன். அதற்குள் அண்ணாச்சி, கூரை மரத்தை ஒட்டிப் போகும் மேல்பாதியைச் சுரண்டி, வாஷிங் சோடாவில் கழுவி, துணி விட்டு வெள்ளையாக எடுத்துக் காட்டினார். கூண்டை ஒட்டிய கீழ்ப்பாதி அப்படியே நின்றது. மறுநாள் விடிந்ததும் ஆள் மறுபடி வந்து அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, தேர் பாக்கப் போகலையா?"

"மிச்சம் ஆறடி கிடக்கே. அதைத்தான் பாக்க வந்தேன்."

பத்து மணி. ஓட்டலில் ஐம்பது அறுபது பேர். வடைச் சட்டியிலிருந்து ஒரு கொழுந்து எழும்பி கூண்டைத் தொட்டது. தலைக்கு மேலே குழாய்க்குள் உறுமல் கேட்டது. புகை வந்தால் எக்ஸாஸ்ட் பேனைக் கூட்டி வைப்பது எங்கள் ஓட்டல்காரர்களின் கைப்பழக்கம். நானும் பாய்ந்து போய் ரெகுலேட்டரில் கை வைத்தேன். மூங்கில் கழி என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஏலே, ஊதி வளக்கப் போறியா?" மரியாதையெல்லாம் அந்த அவசரத்தில் போய்விட்டது. பேனை நிறுத்தினார். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன்.

"எண்ணெயில தண்ணிய ஊத்துனா மீசையோட போயிருவே. கீழ வையி."

அடுப்பை அணைத்து, வடைச் சட்டியைத் தட்டால் மூடினார். பிறகு கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்: "ஐயாமாரே, அம்மாமாரே, அடுப்படியில புகை. எலையோட எந்திரிச்சு வாசலுக்குப் போயி காத்தாடச் சாப்பிடுங்க."

ஒருவர் தள்ளவில்லை, ஒரு குழந்தை அழவில்லை. அறுபது பேரும் இலையை ஏந்திக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். ஓடியவன் நான் ஒருவன்தான். எதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் நின்று பார்த்தால், கையில் சட்னி வாளி.

"மொதலாளி, இங்கிட்டு ஒரு கரண்டி" என்றார் ஒரு பெரியவர். ஊற்றினேன். அடுத்தவர் இலையை நீட்டினார். அவருக்கும் ஊற்றினேன். "தானே வந்து பரிமாறுதாரு பாத்தியா, என்ன மனுசன்" என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். உள்ளே தீ, வெளியே எனக்குப் பாராட்டு.

வாளி காலியான பிறகுதான் உள்ளே போகத் தைரியம் வந்தது. குழாயின் கீழ்ப்பாதி கருகி நெளிந்திருந்தது. அண்ணாச்சி சுத்தம் செய்திருந்த இடம் வரை ஏறிய தீ, அதற்கு மேல் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே செத்திருந்தது. கூரை மரத்தில் கரி வாசனைகூட இல்லை. அண்ணாச்சி ஏணியில் நின்று அந்த எல்லையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா மாதிரி இருந்தது முகம்.

"பாத்தீரா தம்பி, கோடு போட்ட மாதிரி நின்னுருக்கு" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று என் கடையில் சாப்பிட்ட அறுபது பேரும் தேர் பார்த்துவிட்டு, பிள்ளைகுட்டியோடு வீடு போய்ச் சேர்ந்து, சட்னியில் உப்புக் கம்மி என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் அப்படிக் குறை சொல்லும்படி வீடு போய்ச் சேர்ந்தது அண்ணாச்சியால்.