நான் கட்டிய அறையில் நான்

படித்து முடித்த கையோடு கிடைக்கும் முதல் வேலையில், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கோ அது வராததோடு, வேறென்னென்னவோ வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மனநலம் பாதிக்கப்பட்ட இளம்பிள்ளைகளுக்காக ஜவ்வாது மலையில் ஒரு டாக்டரம்மா இல்லம் கட்டினார். பிளான் போட்டவள் நான். (அதற்குமுன் நான் தனியாக வடிவமைத்தது எங்கள் வீட்டுக் கோழிக்கூடு.) பாதுகாப்பு, பாதுகாப்பு என்று யோசித்து, அறைக்கதவுகளுக்குத் தாழ்ப்பாளை வெளியே மட்டும் வைத்தேன். உள்ளே கைப்பிடிகூடக் கிடையாது.

"ஜன்னல் எதுக்கும்மா அவ்வளவு மேலே?" என்றார் டாக்டரம்மா.

"வெளிச்சம் மேலிருந்து வந்தால் மனம் உயரும்" என்றேன். (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.)

திறப்பு விழாவன்று காலை, சுவர்ப்பூச்சைப் பார்க்க ஓர் அறைக்குள் போனேன். மலைக்காற்று கதவைச் சாத்தியது. தாழ்ப்பாள் தானாக விழுந்தது. (அப்படி விழும்படி அமைத்ததும் நான்தான்.)

தட்டினேன், கத்தினேன். ஓடி வந்தவர் முனுசாமி. செங்கத்துக்காரர், அன்றுதான் இல்லத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தவர், என்னைப் பார்த்ததே இல்லை. உள்ளே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதே, நான் சொல்லாமல் கதவைத் திறக்காதே என்று டாக்டரம்மா அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"கதவைத் திறங்க! நான் என்ஜினியர்!"

"சரிங்கம்மா. என்ஜினியர்தாங்க."

"இந்தக் கட்டடத்தையே நான்தான் கட்டினேன்!"

"ஆமாங்க, நீங்கதான் கட்டினீங்க. அயகா கீதுங்க. செத்த குந்துங்க, டாக்டரம்மா வந்துருவாங்க."

என் குரல் உயர உயர, அவர் குரலில் கருணை கூடியது. "இன்னா கஷ்டமோ, படிச்ச பொண்ணாட்டம் கீது" என்று யாரிடமோ சொல்வதும் கேட்டது. அழுகை வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தேன். ஒரு துண்டு வானம் தெரிந்தது. மனம் உயரவில்லை.

அப்போதுதான் இல்லத்தில் தங்க, படவேட்டிலிருந்து முதல் ஆளாக வள்ளி வந்து சேர்ந்தாள். பதினேழு வயது. பல மாதங்களாக யாரிடமும் சரியாகப் பேசாதவள் என்று பிறகு தெரிந்தது.

"அந்தக்கா அழுவுறாங்க இல்ல? தெறங்க" என்றாள். முனுசாமி தயங்கவே, அவளே தாழ்ப்பாளைத் தூக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுவா என் ரூமு? நான் இருக்க மாட்டேன்."

"நானும்தான்" என்றேன்.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விழா தள்ளிப்போனது. வெளித் தாழ்ப்பாள்களைக் கழற்றி, உள்ளே கைப்பிடி வைத்தேன். ஜன்னல்களை இறக்கும் வேலை நடந்தவரை வள்ளி டாக்டரம்மா வீட்டில் தங்கினாள். தினமும் வந்து கட்டிலில் படுத்துப் பார்த்து, "இன்னும் எறக்குங்கக்கா, மலை தெரியல" என்பாள். தெரிகிறவரை இறக்கினேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் புது வீடு பார்க்கப் போனாலும் என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். என் யோசனை கேட்க அல்ல. ஒவ்வோர் அறையிலும் என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். நானாக வெளியே வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பார்கள்.