காராமணி தின்னியின் கணக்கு

பமாகோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் மருமகன் லசினேவுக்கு, சேகுவிலிருந்து தாய்மாமன் ஞான்கோரோ ஜாரா எழுதுவது. உனக்கும் உன் வீட்டாருக்கும் ஆண்டவன் சுகம் தரட்டும். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், ஆடுகள் நலம். என் சமூக வலைத்தளக் கணக்கு மட்டும் நலமாக இல்லை. அதனால்தான் பஸ் டிரைவர் கையில் இந்தக் காகிதம்.

போன வாரம் ஒருவன் போன் செய்தான். கம்பெனியிலிருந்து பேசுகிறானாம். என்னை விசாரித்தான், வீட்டை விசாரித்தான், விளைச்சலை விசாரித்தான், என் முழங்காலைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி நின்று நிதானமாக நலம் கேட்கிறது? கடைசியில், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க பெரியவரே" என்றான். அவ்வளவு விசாரித்தவனிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சொல்லித் தொலைத்தேன். அடுத்த நிமிடம் நான் வெளியே, அவன் உள்ளே. கோபத்தைவிட, என் பெயரில் இவன் என்னதான் பேசுகிறான் என்று பார்க்கும் ஆசைதான் எனக்கு அதிகம். உன் அம்மா போனில் தினமும் என்னைப் பார்த்தேன். எல்லாருக்கும் காலை வணக்கம் சொல்கிறேன். எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லாத பள்ளிவாசல் கமிட்டித் தலைவருக்கு மகள் கல்யாண வாழ்த்து சொல்லியிருக்கிறேன். அவரும் உருகிப்போய்ப் பதில் போட்டிருக்கிறார். என்னைவிட அவன் நல்ல ஞான்கோரோவாக இருக்கிறான்.

இருந்தாலும் கணக்கு எனக்கு வேண்டும். வியாழக்கிழமை பாரிஸில் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். மறைந்த என் மனைவி, உன் அத்தை அசிதானின் பெயரா, அவன் மாமியார் பெயரா என்று என் மகன் வாயே திறக்கவில்லை. விழாவைக் குடும்பக் குழுவில்தான் காட்டுவான். உன் அம்மாவோ அதில் இல்லை. அவன் கல்யாணத்தில் அவள் சம்பந்தியம்மாவோடு போட்ட சண்டை உனக்கே தெரியும்.

கணக்கை மீட்க மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு ரகசிய எண் தர வேண்டுமாம். இரண்டு பேர் தந்தார்கள். மூன்றாமவன் சுமானா த்ராவோரே. ஜாரா குலமும் த்ராவோரே குலமும் கேலிமுறைக்காரர்கள், எப்படி ஏசினாலும் கோபிக்கக் கூடாது என்பது பமாகோ போனதில் உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்.

எண் கேட்கப் போனால், "திருடன் புகுந்தது அன்னைக்கே எனக்குத் தெரியும்டா" என்றான்.

"எப்படி?"

"'மதிப்புக்குரிய சகோதரரே'ன்னு எழுதியிருந்தான். நீ என்னைக்கு என்னைக் காராமணி தின்னின்னு கூப்பிடாம இருந்திருக்க? ஒண்ணு நீ செத்திருக்கணும், இல்ல கணக்கு போயிருக்கணும்னு நினைச்சேன்."

"ரெண்டுல எதுன்னு வந்து பார்க்கத் தோணலையா?"

"செத்திருந்தா சோறு போடுவாங்களே, தெரிஞ்சிரும்னு இருந்துட்டேன்."

எண்ணைத் தர ஒரே நிபந்தனை. டீ குடிக்கும் கூட்டம் முழுக்கக் கேட்க, காராமணி தின்பது ஜாராக்கள்தான், த்ராவோரேக்கள் ராஜாக்கள் என்று நான் சொல்ல வேண்டும். பேத்தியை நினைத்துக்கொண்டு சொன்னேன். சத்தம் போதாது என்று திரும்பவும் சொல்ல வைத்தான். பிறகு அவன் போனிலேயே எண்களைத் தட்ட, கணக்கு திறந்தது. ஆக, திருடனை விரட்டியாகிவிட்டது, நான் மறுபடியும் நானாகிவிட்டேன். இனி என் பெயரில் எது வந்தாலும் தைரியமாக நம்பு.

வீட்டாருக்கு என் சலாம். உனக்கு நீண்ட ஆயுளும், உன் பாஸ்வேர்டுக்கு அதைவிட நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமன் ஞான்கோரோ

பின்குறிப்பு: பஸ் ரிப்பேர், கடிதம் இன்னும் கிளம்பவில்லை. மேலே எழுதியதை நம்பாதே. சுமானா பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். என் படம் இருந்த இடத்தில் ஒரு காராமணிச் சட்டி. விழாவை அவன் வீட்டில், அவன் போனில்தான் பார்த்தேன். இமாம் "அசிதான்" என்றதும் அழுதுவிட்டேன். ஏசப்போகிறான் என்று பயந்து திரும்பினால், அந்தப் பயல் எனக்கு முன்பே அழுதுகொண்டிருக்கிறான். கணக்கை மீட்க நீ வர வேண்டாம், அது அவனிடமே இருக்கட்டும். தினமும் சாயங்காலம் நான் அங்கே போய் என்னைப் பார்த்துவிட்டு வருகிறேன்.